ஜான்ஸ்டன் தவறவிட்ட பந்துக்கு யாரைத் திட்டுவது?

2023 நவம்பர் 19, கிரீன் பேயின் லாம்போ மைதானம், ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் கடைசி நிமிடம். பேக்கர்ஸ் 23, சார்ஜர்ஸ் 20. சார்ஜர்ஸில் பந்தை எறிபவர் ஜஸ்டின் ஹெர்பர்ட், அவர் ஓரக்கோட்டை ஒட்டி நீளமாக ஒரு பந்தை எறிகிறார். அதே அணியின் குவென்டின் ஜான்ஸ்டன் டிஃபெண்டரைப் பின்னால் விட்டுவிட்டு ஓடுகிறார், பந்து அவர் கைக்கே வருகிறது, கையில் பட்டு நழுவிக் கீழே விழுகிறது. பிடித்திருந்தால் குறைந்தது பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் ஒன்றை அடித்து ஆட்டத்தைச் சமன் செய்திருக்கலாம், இன்னும் நாலு எட்டு ஓடியிருந்தால் வெற்றியே கிடைத்திருக்கலாம். அன்றிலிருந்து அந்தப் பையன் பெயரைச் சொன்னாலே சார்ஜர்ஸ் ரசிகர்கள் பல்லைக் கடிக்கிறார்கள்.

இது நம் ஊர்க் கால்பந்து இல்லை, அமெரிக்கர்கள் கையால் எறிந்து பிடித்து ஓடும் ஆட்டம். அதில் வைட் ரிசீவரின் வேலையைச் சொல்வது எளிது: திட்டமிட்ட பாதையில் ஓடு, உன்னை ஒட்டி வருபவனிடமிருந்து விலகு, பந்தைப் பிடி, பிடித்தபின் ஓடு. இதில் முதல் இரண்டும் டிவியில் சரியாகத் தெரியாது, கேமரா பெரும்பாலும் எறிபவர் மேல்தான் இருக்கும். மூன்றாவது மட்டும் ஊரே பார்க்கும்படி நடக்கும். அப்புறம், ஓர் ஆட்டத்தில் ஒரு ரிசீவரைத் தேடி வருவதே ஐந்தாறு பந்துதான். கிரிக்கெட்டில் கேட்சை விட்டவன் பேட்டிங்கில் அரை சதம் அடித்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம், இங்கே அந்த வசதி கிடையாது. அடுத்த பந்து உன் பக்கம் வருமா என்பதே சந்தேகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜான்ஸ்டனை என்ன செய்வது என்று வரும்போது ரசிகர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். திட்டுவது நியாயம் என்பது ஒரு கட்சி. இளம் வயது, பொறுத்துப் பார்க்கலாம் என்பது இன்னொன்று. அவனைத் திட்டி என்ன பயன், அவனைத் தேர்ந்தெடுத்தவரைத் திட்டு என்பது மூன்றாவது. மூன்றிலும் நான் கொஞ்ச நாள் இருந்திருக்கிறேன் என்பதால் மூன்றைப் பற்றியும் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் கதைச் சுருக்கம். ஜான்ஸ்டன் டெக்சாஸ்காரர், டி.சி.யு. கல்லூரிக்கு ஆடினார். 2022 டிசம்பர் 31 ஃபியஸ்டா பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் மிஷிகனுக்கு எதிராக 6 கேட்ச், 163 யார்டு, அதில் ஒன்று 76 யார்டு டச்டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டியது. டி.சி.யு. 51-45 என்று ஜெயித்தது. அன்று எதிரணியின் பயிற்சியாளராக நின்று அதைப் பார்த்தவர் ஜிம் ஹார்பா, அவரே பின்னால் 2024இல் சார்ஜர்ஸ் பயிற்சியாளராக வந்தார் என்பது ஒரு வேடிக்கை. 2023 டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், சார்ஜர்ஸ் முதல் சுற்றில் 21ஆவது ஆளாக ஜான்ஸ்டனை எடுத்தது. நான்காண்டு ஒப்பந்தம், சுமார் 1.4 கோடி டாலர். 22ஆவதாக ரேவன்ஸ் எடுத்தது ஸே ஃப்ளவர்ஸை. 23ஆவதாக வைக்கிங்ஸ் எடுத்தது ஜோர்டன் ஆடிசனை. இரண்டு பேருமே ரிசீவர்கள். தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் சீசன் கணக்கைப் பாருங்கள். ஃப்ளவர்ஸ் 77 கேட்ச், 858 யார்டு. ஆடிசன் 70 கேட்ச், 911 யார்டு, 10 டச்டவுன். ஜான்ஸ்டன் 38 கேட்ச், 431 யார்டு, 2 டச்டவுன். இது போதாதென்று அதே லாஸ் ஏஞ்சலஸின் இன்னொரு அணியான ராம்ஸ், ஐந்தாம் சுற்றில் 177ஆவது ஆளாக எடுத்த பூக்கா நகுவா 105 கேட்ச், 1,486 யார்டு என்று புதுமுகங்களுக்கான சாதனையே படைத்துவிட்டார். இரண்டு அணிக்கும் ஒரே ஸ்டேடியம். எதிர்வீட்டுப் பையன் மாநிலத்தில் முதலாவதாக வந்த வருஷம் நம் வீட்டுப் பையன் அரியர் வைத்தால் எப்படி இருக்கும்? அந்த எரிச்சல்தான்.

திட்டும் கட்சியின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பந்தைப் பிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கும் ஆள் பந்தைப் பிடிக்கவில்லை, இதில் என்ன இளமை, என்ன அனுபவம் என்று கேட்கிறார்கள். 2024 நவம்பர் 25 ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை இரவு ஆட்டம், இந்திய நேரத்துக்குச் செவ்வாய்க் காலை ஆறே முக்கால். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் காபியும் கையுமாக உட்கார்ந்தேன். ரேவன்ஸுக்கு எதிராக ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் பக்கம் ஐந்து முறை எறிந்தார், ஒன்றுகூடப் பிடிபடவில்லை. அதில் ஒரு பந்து ஆளே இல்லாத இடத்தில் கைக்கு நேராக வந்தது, முன்னால் வெட்டவெளி, பிடித்திருந்தால் ஓடிக்கொண்டே இருந்திருக்கலாம். அதையும் விட்டார். சார்ஜர்ஸ் 30-23 என்று தோற்றது. எதிரணியில் ஆடிக்கொண்டிருந்தவர் யார்? அதே ஸே ஃப்ளவர்ஸ். ஒரு ரசிகன் அந்த நேரத்தில் வாய்விட்டுத் திட்டினால் அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நானும் திட்டினேன்.

இந்தக் கட்சிக்கு இன்னொரு வலுவான சாட்சியும் இருக்கிறது. ஜான்ஸ்டனின் பிடிக்கும் முறையில் கோளாறு உண்டு என்பது டிராஃப்டுக்கு முன்பே எல்லாரும் பேசியதுதான். பந்தை உடம்பிலிருந்து தள்ளி, கையை நீட்டி, விரல்களால் பிடிப்பதுதான் பாடம். மார்புக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேர வேண்டும், கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர வேண்டும், இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருவார்கள். ஜான்ஸ்டனோ பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும் பழக்கக்காரர். கல்லூரியில் மற்றவர்களைவிட உயரம், மற்றவர்களைவிட வேகம், அதனால் அணைத்துப் பிடித்தாலும் ஓடியது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.இல் ஒட்டிக்கொண்டே வரும் டிஃபெண்டரின் கை அந்த அரை நொடிக்குள் உள்ளே புகுந்துவிடும். அவருடைய பெரிய பலம் பிடித்தபின் ஓடுவது, அதுவே எதிரியாகவும் ஆகிறது: பந்து கையில் தங்குவதற்கு முன்பே கண் எங்கே ஓடலாம் என்று தேடப் போய்விடுகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நம் ஊரில் சொல்வதுண்டு, இங்கே கைக்கு எட்டியது கைக்கே எட்டவில்லை.

பொறுத்துப் பார்க்கச் சொல்லும் கட்சி உடனே எடுத்து வீசும் பெயர் டவான்டே ஆடம்ஸ். இந்தப் பெயரை ரொம்பப் பேர் சும்மா ஒரு மந்திரம் மாதிரி சொல்கிறார்களே தவிர, கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 2014இல் பேக்கர்ஸ் அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது. முதல் சீசனில் 38 கேட்ச், 446 யார்டு. ஜான்ஸ்டனுக்கும் அதே 38, யார்டு 15 மட்டும் குறைவு! 2015இல் அணியின் முதன்மை ரிசீவர் ஜோர்டி நெல்சன் சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் தசைநார் கிழிந்து வெளியே போனார், பாரமெல்லாம் ஆடம்ஸ் தலையில் விழுந்தது, அவருக்கும் கணுக்காலில் அடி. அந்த வருஷம் 50 கேட்ச், 483 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். எறிபவர் தலைசிறந்தவர்களில் ஒருவரான ஆரன் ரோஜர்ஸ் என்பதால் எறிபவர்மேல் பழியைப் போடவும் வழியில்லை. கைநழுவிய பந்துகளுக்காக கிரீன் பே அவரைப் படுத்தாத பாடில்லை. 2016இல் 75 கேட்ச், 997 யார்டு, 12 டச்டவுன். அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு தலைமுறையின் தலைசிறந்த ரிசீவர்களில் ஒருவராக ஆனார்.

ஜான்ஸ்டனுக்கும் சூழ்நிலை ஏறக்குறைய இப்படித்தான். 2023இல் மூன்றாவது வாரமே மூத்த ரிசீவர் மைக் வில்லியம்ஸ் முழங்கால் போய் உட்கார்ந்துவிட்டார். ஓரமாக இருந்து கற்றுக்கொள்ள வேண்டிய புதுமுகம் நடுமேடைக்கு வந்தார். 2024 மார்ச்சில் வில்லியம்ஸை அணி விடுவித்தது, இன்னொரு மூத்த ரிசீவரான கீனன் ஆலனை டிராஃப்டில் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்காக பேர்ஸ் அணிக்கு அனுப்பியது, ஆக கற்றுக்கொடுக்கக்கூடிய இரண்டு பெரியவர்களும் ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்தார்கள்.

ஆனாலும் இந்தக் கட்சியிடம் எனக்கு ஒரு புகார் உண்டு. ஆடம்ஸ் நம் நினைவில் இருப்பது அவர் தேறியதால். தேறாதவர்களின் பெயர் நினைவில் இல்லாததால், பொறுத்தால் எல்லாரும் தேறுவார்கள் என்று தோன்றுகிறது. ஜேலன் ரேகரை எடுத்துக்கொள்வோம். அவரும் டி.சி.யு., அவரும் முதல் சுற்றில் 21ஆவது ஆள், வருஷம் 2020, அணி ஈகிள்ஸ். 22ஆவதாக வைக்கிங்ஸ் எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. ஜெஃபர்சன் முதல் வருஷமே 1,400 யார்டு. ரேகர் 396, அடுத்த வருஷம் 299. 2021 நவம்பரில் ஜயண்ட்ஸுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் வெற்றிப் பந்தைக் கோட்டை நெருங்கிய இடத்தில் விட்டார், ஈகிள்ஸ் 13-7 என்று தோற்றது. 2022இல் அவரை வைக்கிங்ஸுக்கே கொடுத்துவிட்டார்கள். பின்னால் 2024இல் சார்ஜர்ஸில் வந்து ஜான்ஸ்டனோடு ஒரே அறையில் உட்கார்ந்தார். ஒரே கல்லூரி, டிராஃப்டில் ஒரே எண், ஒரே விதமான வசவு. விதி இப்படியெல்லாம் விளையாடுமா என்று தோன்றும்.

ஆக ஜான்ஸ்டன் ஆடம்ஸா, ரேகரா? இதைத்தான் கேட்க வேண்டும், திட்டலாமா கூடாதா என்பது அதற்குப் பிறகு.

இரண்டாம் வருஷக் கணக்கு ஓரளவு பதில் சொல்கிறது. ரேகர் 396இலிருந்து 299க்கு இறங்கினார். ஆடம்ஸ் 446இலிருந்து 483, கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றார். ஜான்ஸ்டன் 431இலிருந்து 711க்கு ஏறினார், 55 கேட்ச், 8 டச்டவுன். அந்த வருஷம் சார்ஜர்ஸில் அதிக டச்டவுன் கேட்ச் அவருடையதுதான். ஏழு கேட்சுக்கு ஒரு டச்டவுன் என்பது சாதாரணம் இல்லை. நவம்பர் 3 அன்று கிளீவ்லாந்தில் 66 யார்டு ஓடி ஒன்று அடித்தார். அதே நவம்பரில்தான் ரேவன்ஸ் ஆட்டத்தின் பூஜ்யமும். எதிர்த்தரப்பு இங்கே ஒரு கொக்கி போடும், நியாயமான கொக்கி: கடைசி லீக் ஆட்டத்தில் மட்டும் 13 கேட்ச், 186 யார்டு, அதைக் கழித்துவிட்டால் மிச்ச சீசனுக்கெல்லாம் சேர்த்து 42 கேட்ச், 525 யார்டுதானே? ஆமாம். அந்த ஒரு ஆட்டத்தைக் கழிப்பவர்கள் ரேவன்ஸ் ஆட்டத்தையும் கழிக்கத் தயாரா என்று மட்டும் திருப்பிக் கேட்பேன்.

எண்ணிக்கையைவிட நான் நம்புவது வேறொன்றை. பந்து எங்கே விழுந்தது என்று பாருங்கள். லாம்போவில் அந்தப் பந்து விழுந்தபோது ஜான்ஸ்டன் டிஃபெண்டரைத் தாண்டியிருந்தார். ரேவன்ஸ் ஆட்டத்தில் விழுந்தபோது சுற்றிலும் ஆளே இல்லை. அதாவது முதல் இரண்டு வேலையும், டிவியில் தெரியாத வேலை, முடிந்திருந்தது. தெரிகிற வேலையில்தான் கோட்டை விட்டார். ஆடம்ஸும் 2015இல் இப்படித்தான் இருந்தார், விலகி நிற்பது வந்துவிட்டது, பிடிப்பதுதான் படுத்தியது. ரேகர் விஷயம் வேறு, ஜயண்ட்ஸ் ஆட்டம் போன்ற நாட்களைத் தவிர்த்தால் அவர் விலகி நிற்பதே அபூர்வம், எறிய இடமே கிடைக்காது. விலகத் தெரியாத ரிசீவரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பிடிக்கத் தடுமாறுகிறவரைப் பந்து எறியும் ஜக்ஸ் மெஷின் முன்னால் தினமும் நிறுத்தலாம், கையின் நிலையை மாற்றலாம், பந்து கைக்குள் வரும்வரை கண்ணை எடுக்காமல் இருக்கப் பழக்கலாம். தேறுவார் என்று சத்தியம் செய்ய மாட்டேன், தேறக்கூடிய வகைக் கோளாறு என்று மட்டும் சொல்வேன்.

மூன்றாவது கட்சியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஃப்ளவர்ஸையும் ஆடிசனையும் விட்டுவிட்டு ஜான்ஸ்டனை எடுத்தது ஜான்ஸ்டன் இல்லை. அன்று பொது மேலாளர் டாம் டெலஸ்கோ. 21ஆவது இடத்துக்கு இவன் தகுதியா என்று கேட்டால் அந்தக் கேள்வியின் விலாசம் டெலஸ்கோவின் மேசை. கல்யாணத்துக்குச் சமையல் சரியில்லை என்றால் பரிமாறுகிறவனைப் பிடித்து உலுக்குவதில் என்ன அர்த்தம்? டெலஸ்கோவுக்கும் தண்டனை கிடைத்தது. 2023 டிசம்பரில் ரெய்டர்ஸிடம் 63-21 என்று அவமானப்பட்ட மறுநாளே அவரையும் பயிற்சியாளர் பிராண்டன் ஸ்டேலியையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் இந்தக் கட்சி ஒரு இடத்தில் அதிகமாகப் போகிறது. எடுத்தது மேலாளர் தப்பு என்பதால் விட்டதும் மேலாளர் தப்பாகிவிடாது. ரேவன்ஸ் ஆட்டத்தில் பந்து டெலஸ்கோவின் கையில் படவில்லை.

திட்டினால் ஆள் திருந்துவாரா என்பது தனிக் கேள்வி, அதற்கு நெல்சன் அகொலோர் கதை பொருத்தமாக இருக்கும். 2015இல் ஈகிள்ஸின் முதல் சுற்றுத் தேர்வு, இரண்டு வருஷம் தடுமாற்றம். 2016 நவம்பரில் சியாட்டிலில் அவர் தப்பான இடத்தில் நின்றதால் ஒரு டச்டவுனே ரத்தானது, அதே ஆட்டத்தில் கைக்கு வந்த பந்தையும் விட்டார். தலைக்குள் ஏதேதோ ஓடுகிறது, அதிலிருந்து வெளியே வரவேண்டும் என்று அன்று அவரே ஒப்புக்கொண்டார், அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்தார்கள். 2017இல் அவரை ஓரத்திலிருந்து ஸ்லாட்டுக்கு, அதாவது உள்வரிசைக்கு மாற்றினார்கள். 62 கேட்ச், 768 யார்டு, 8 டச்டவுன். சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் பேட்ரியட்ஸுக்கு எதிராக 9 கேட்ச், 84 யார்டு, ஈகிள்ஸ் கோப்பையைத் தூக்கியது. மாற்றியது வசவு அல்ல, இடம்.

அந்த நன்றியை மறக்காமல் இருந்தார்களா என்றால் இல்லை, ஈகிள்ஸின் ஊர் பிலடெல்பியா, திட்டுவதற்குப் பேர்போன ஊர் அல்லவா. 2019இல் ஃபால்கன்ஸ் ஆட்டத்தில் அகொலோர் 8 கேட்ச், 107 யார்டு, ஒரு டச்டவுன். ஆனால் ஜெயிக்க வைத்திருக்கக்கூடிய ஒரு நீளமான பந்தை விட்டார், 24-20 என்று தோற்றார்கள், அந்த ஒன்றுதான் ஊருக்கு நினைவிருந்தது. அடுத்த வாரம் நகரில் ஒரு கட்டடத்தில் தீ. மாடி ஜன்னலிலிருந்து வீசப்பட்ட குழந்தைகளைக் கீழே நின்று பிடித்துக் காப்பாற்றிய ஒருவர், டிவி கேமரா முன்னால், நாங்கள் பிடித்தோம், அகொலோர் மாதிரி இல்லை என்று ஒரு போடு போட்டார். உலகமே சிரித்தது, நானும்தான். அகொலோர் கோபப்படவில்லை, அந்த மனிதருக்கு நன்றி சொல்லி ஆட்டம் பார்க்க அழைத்தார். அந்தக் கேலியில் வன்மம் இல்லை, கொலை மிரட்டல் இல்லை, குடும்பத்தை இழுக்கவில்லை. கேலி அவ்வளவோடு நிற்கும்வரை ரிசீவர் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான், அந்தத் தொழிலில் அதுவும் சேர்த்தி.

நான் எங்கே நிற்கிறேன் என்றால், விட்ட பந்துக்கு ஜான்ஸ்டன் வாங்கிய வசவு நியாயமானது, அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் இவன் தேறமாட்டான், துரத்திவிடு என்று இரண்டு வருஷத்திலேயே முத்திரை குத்தியது நியாயமில்லை, கணக்கும் அதற்கு ஒத்துவரவில்லை. ஃப்ளவர்ஸோடு ஒப்பிடும் வசவை முழுதாக டெலஸ்கோ பக்கம் திருப்பிவிடலாம். இணையத்தில் கற்பனை அணி சேர்த்து ஆடும் ஃபேன்டசி ஆட்டத்தில் ஜான்ஸ்டனை வைத்துக்கொண்டு, நாலு பாயின்ட் போய்விட்டதே என்று அவருடைய சமூக வலைத்தளப் பக்கத்துக்குப் போய் அசிங்கமாக எழுதுகிறவர்களை எந்தக் கட்சியிலும் சேர்க்க வேண்டாம். அவர்கள் ரசிகர்களே இல்லை, கடன் வசூலிக்க வந்தவர்கள்.

2025 செப்டம்பர் 5, சாவோ பாலோ, சீஃப்ஸுக்கு எதிரான சீசன் முதல் ஆட்டம், 5 கேட்ச், 79 யார்டு, 2 டச்டவுன், சார்ஜர்ஸ் 27-21. அதை வைத்துக்கொண்டு, பார்த்தாயா நான் அப்போதே சொன்னேன் என்று துள்ளவும் நான் தயாரில்லை, ஓர் ஆட்டம் ஓர் ஆட்டம்தான். ஆனால் முன்னே சொன்ன அந்த 13 கேட்ச், 186 யார்டு ஆட்டம் மட்டும் எனக்கு அலுக்கவே அலுக்காது. 2025 ஜனவரி 5, லாஸ் வேகஸ், எதிரணி ரெய்டர்ஸ், 34-20 வெற்றி. சார்ஜர்ஸ் துரத்தியபின் டெலஸ்கோ போய்ச் சேர்ந்த இடம் அதே ரெய்டர்ஸ், அன்று அந்த அணியின் பொது மேலாளர் அவர்தான். தான் 21ஆவதாகப் பொறுக்கியெடுத்த பையன் தன் வாழ்க்கையிலேயே சிறந்த ஆட்டத்தைத் தன் புது அணிக்கு எதிராக ஆடுவதைப் பார்த்தார். நாலு நாள் கழித்து ரெய்டர்ஸும் அவரை வேலையிலிருந்து நீக்கியது.